நைனா என்று கூப்பிடும் பாட்டு

பாடுவதற்கு முன் வசந்தகுமாரி பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். கரையான்சாவடியில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் சுலைமானுக்கு இதெல்லாம் முதல் கேசட்டிலேயே பழக்கம். "இன்னா பாய், மெஷின் ரெடியா?" என்று அதட்டினால் ஆரம்பம் என்று அர்த்தம்.

வசந்தகுமாரிக்கு அம்பத்தூரில் ஸ்க்ரூ பொட்டலம் கட்டுகிற வேலை. போகிற பஸ்ஸிலேயே டிபன் பாக்ஸ் மூடியில் தட்டிக்கொண்டு பாட்டுக் கட்டிவிடுவார். எழுதுவதெல்லாம் கிடையாது. பக்கத்து சீட்டுக்காரி இறங்குவதற்குள் கூடவே முணுமுணுத்தால்தான் அது பாட்டு. இல்லாவிட்டால், "தேறாது, உடு" என்று தூக்கிப்போட்டுவிடுவார். கிடார், டிரம்ஸ் எல்லாம் வைத்துப் போட்ட முதல் கேசட் ஆவடி, பூந்தமல்லி ஜெபக்கூட்டங்களில் அப்படி ஓடியது.

இரண்டாவதில்தான் வம்பு வந்தது. கடைசிப் பாட்டில் ஆண்டவரை 'நைனா' என்று கூப்பிட்டிருந்தார். பதிவுக்கு வந்திருந்த சபை மூப்பர் அருள்தாஸ் கொதித்துப்போனார்.

"பிதாவேன்னு பாடும்மா. இல்லேன்னா கிறிஸ்துமஸுக்குச் சபையில வெளியிட முடியாது."

சபையை விட்டால் அந்தக் கேசட்டுக்குப் போக்கிடம் ஏது? வசந்தகுமாரி 'பிதாவே' என்று பாடிப் பார்த்தார். சுருதி சுத்தம், உயிர்தான் இல்லை. அவரே நிறுத்திவிட்டார்.

"கோச்சிக்காதீங்க ஐயா. எங்க அப்பாவ நான் வேற மாதிரி கூப்ட்டதே இல்ல. ஒரு வாட்டி என் இஷ்டத்துக்குப் பாடிக்கிறேன்."

கண்ணை மூடினார்.

"கரண்டு போன ஊட்டுல
கைய நீட்டித் தேடுறேன்
எங்க கீற நைனா, நீ
எங்க கீற?"

அடேயப்பா, அதென்ன குரல்! இருட்டில் தகப்பனைத் தேடுகிற பிள்ளையின் பயமும், எப்படியும் கை கிடைத்துவிடும் என்கிற தைரியமும் அதில் ஒன்றாக இருந்தன. சுலைமானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பேரைப் பதிந்தவர். இப்படியொன்றை அவர் கேட்டதே இல்லை. கீபோர்டுக்காரர் கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் வாசித்தார்.

பாட்டு முடிந்ததும் மூப்பர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? இத அழிச்சிட்டு, இது மேலேயே பிதாவேன்னு பதிஞ்சிருங்க, பாய்."

வசந்தகுமாரி மறுபடி மைக்கின் முன்னால் போய் நின்றார்.

சுலைமான் மெஷினிலிருந்து கேசட்டை எடுத்தார். இனி அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாதபடி, முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் திருப்புளியால் நெம்பி உடைத்து, மூப்பரின் கையில் வைத்தார்.