ஜீப் ஷெட்டுக்கு வந்த மூன்று கொட்டேஷன்கள்

1. ஒரே ஷெட், மூன்று விலை

மல்லிகா என் வீட்டுக்கு வந்த அன்று ஒடுகத்தூரில் சந்தை. புளி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். ஒரு துணிக்கடைப் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மேடம், ஒரு ஷெட்டுக்கு மூணு பேரு மூணு ரேட்டு சொல்றாங்க. எது நெசம்னு நீங்கதான் பாத்து சொல்லணும்."

வேலூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் எஸ்டிமேட் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். பிளானைப் பார்த்து எத்தனை செங்கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு கூலி என்று கணக்குப் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான ஒடுகத்தூருக்கு வந்த பிறகும் இப்படி யாராவது கொட்டேஷனோடு வந்துகொண்டே இருப்பார்கள். அவற்றில் இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒரே ஒரு கதை சொல்லவேண்டும் என்றால் மல்லிகாவின் கதையைத்தான் சொல்வேன்.

மல்லிகாவின் ஊர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாடு என்ற பகுதியில். கணவர் கோவிந்தன் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அந்த ஊருக்கு பஸ் என்றைக்காவது வரும். மற்றபடி ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த ஜீப்தான். வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் நின்றதில் எலிகள் ஒயரிங்கைக் கடித்துத் தின்றன. இரண்டு முறை சரிசெய்தார்கள். மூன்றாவது முறை பிளஸ் டூ பரீட்சை அன்று காலையில் வண்டி கிளம்பவில்லை. நான்கு பெண் பிள்ளைகள் மலைப்பாதையில் ஓடிப்போய் ஒரு பால் வண்டியைப் பிடித்துப் பரீட்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டே ஹாலுக்குள் போனாளாம்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் மேடம். வண்டிக்கு ஒரு வூடு கட்டாம இனிமே தூக்கம் கெடயாது."

மகளிர் குழுக் கடனும் சேமிப்பும் சேர்த்து அவர்கள் கையில் மூன்று லட்சம் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வர வழியில்லை.

தாள்களைப் பார்த்தேன். முதல் தாள் கோவிந்தனின் பெரியப்பா மகன் தனபாலுடையது. "ஜீப் ஷெட் வேலை முழுவதும், லம்சம் 2,10,000" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி. இரண்டாவது, சேகர் என்ற இளம் எஞ்சினியருடையது. கம்ப்யூட்டரில் அடித்த ஆறு பக்கம், கான்கிரீட் கூரையுடன் 4,80,000. மூன்றாவது வாணியம்பாடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாய் கொடுத்தது. இரும்பு பைப் தூண், ஷீட் கூரை, ரோலிங் ஷட்டர், 2,75,000.

"இதுல எது கம்மின்னு சொல்லிடலாம். எது சரின்னு சொல்ல முடியாதும்மா" என்றேன். "தனபால் பத்துக்குப் பதினஞ்சு அடின்னு நெனச்சிருக்கார். சேகர் ரெண்டு வண்டி நிக்கிற மாதிரி போட்டிருக்கார். பாய் பன்னெண்டுக்குப் பதினெட்டு. மூணு பேரும் மூணு வேற வேற ஷெட்டுக்கு ரேட் குடுத்திருக்காங்க."

மல்லிகா மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நமக்கு எது வேணும்னு நாமதான் மொதல்ல சொல்லணும். இல்லீங்களா மேடம்?"

பெரிய பெரிய முதலாளிகளுக்கு இதைப் புரியவைக்க நான் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன்.

2. கதவைத் திறந்து வைத்து எடுத்த அளவு

அடுத்த வாரம் கோவிந்தனின் ஜீப்பிலேயே மேலே போனேன். டேப்பை எடுக்கும்போது மல்லிகா, "ஒரு நிமிசம் மேடம்" என்றாள். கோவிந்தன் வண்டியைக் கொண்டுவந்து இடத்தில் நிறுத்தினார். அவள் எல்லாக் கதவுகளையும் முழுசாகத் திறந்து வைத்தாள். கதவு முடியும் இடத்திலெல்லாம் குச்சி நட்டாள். ஒரு பக்கம் டயர் கழற்ற ஆள் உட்கார இடம் விட்டு இன்னொரு குச்சி. வண்டியின் கேரியரில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூங்கிலை நிமிர்த்தி உயரத்துக்கு அடையாளம் வைத்தாள்.

"லோடு ஏத்திக்கினு உள்ள போய்ட்டு வர்ற மாதிரி இருக்கணும். எறக்கிட்டுதான் போவணும்னா எதுக்கு ஷெட்டு?"

நான் செய்ததெல்லாம் அந்தக் குச்சிகளுக்கு நடுவே டேப்பைப் பிடித்ததுதான். பதின்மூன்றுக்கு இருபத்தொன்று. உயரம் ஒன்பதரை அடி. மூன்று கொட்டேஷனில் ஒன்றுகூட இந்த அளவில் இல்லை.

ஆனால் இடத்தில் அவள் கவனிக்காத ஒன்று இருந்தது. ஷெட்டுக்காக ஜேசிபி வைத்து சரிவை வெட்டிச் சமன் செய்திருந்தார்கள். பின்பக்கம் ஓர் ஆளுயரத்துக்கு வெட்டிய மண் செங்குத்தாக நின்றது. அதன் மேலே மழைத்தண்ணீர் இறங்கி வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. நல்ல மழை பெய்தால் அந்த மண் சரிந்து ஷெட்டின் முதுகில் விழும்.

"இங்க ஒரு தாங்குசுவர் கட்டாம ஷெட் கட்டக் கூடாது" என்றேன்.

கோவிந்தன் முகம் மாறியது. "அதுக்கு வேற துட்டாங்க மேடம்?"

"ஆமாங்க. லாரியும் இதுவரைக்கும் வராது. மெயின் ரோட்டு வளைவுல இறக்கி டிராக்டர்ல ஏத்தணும். அதையும் கணக்குல சேக்கணும்."

மல்லிகா அந்த மண்ணருகே போய் மழைத் தடத்தைப் பார்த்தாள். பிறகு, "எல்லாத்தயும் எழுதுங்க மேடம்" என்றாள்.

அளவு, தரை கான்கிரீட்டின் கனம், மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், எலி நுழையாதபடி ஷட்டரின் அடியில் ரப்பர், தாங்குசுவர், தண்ணீர் வடிய வாய்க்கால், டிராக்டர் வாடகை என்று ஒரே ஸ்பெசிஃபிகேஷன் எழுதி மூன்று பேருக்கும் அனுப்பினோம். இதற்கு மட்டும் ரேட் கொடுங்கள் என்று கேட்டோம்.

3. மூன்று பேரும் ஒன்றாக

இங்கேதான் மல்லிகா என் அனுபவத்துக்கு எதிராக ஒன்று சொன்னாள். மூன்று பேரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் இடத்துக்கு வரச்சொல்ல வேண்டுமாம்.

"வேணாம்மா. கான்ட்ராக்டருங்களச் சேத்து வெச்சா அவங்களுக்குள்ள பேசிக்கிட்டு ரேட்ட ஏத்திடுவாங்க. நாங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரேட்ட இன்னொருத்தருக்குக் காட்டவே மாட்டோம்."

"ஆபீஸ்ல உங்களுக்குத் தெரியும் மேடம், யாரு தப்பா சொல்றாங்கன்னு. எனக்குத் தெரியாதே. ஒருத்தரு சொல்றத இன்னொருத்தரு கேட்டா, அவங்க மூஞ்சிய பாத்தாவது தெரிஞ்சுக்குவேன்."

வந்தார்கள். தனபால் வெள்ளைச் சட்டையில், சொந்த வீட்டுக்கு வந்தவர்போல. சேகர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே டேப்பை எடுத்தார். பஷீர் பாய் ஐம்பது வயதுக்காரர். வந்ததும் நேராக வெட்டிய மண்ணுக்குக் கீழே போய் நின்றார். ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

டீ குடித்ததும் மல்லிகா மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"உங்க ரேட்டுல இன்னா சேரலன்னு சொல்லுங்க. இன்னா சேந்திருக்குன்னு அப்புறம் கேட்டுக்கறேன்."

தனபால் சிரித்தார். "எல்லாமே சேந்ததுதான்மா. நான் இன்னா வெளியாளா? இந்த அளவுக்கு ரெண்டே கால் லட்சத்துல முடிச்சுக் குடுத்துடறேன்."

"அந்த தாங்குசுவரு?"

"அதெல்லாம் எதுக்குமா? மலை மண்ணு, கல்லு மாதிரி நிக்கும்."

சேகர் தயங்கினார். "எலக்ட்ரிக்கல் சேரலைங்க. வரி தனி. தாங்குசுவர் இப்ப சேத்துட்டேன். அதனால அஞ்சு லட்சம் தாண்டுது."

கோவிந்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எல்லோரும் பஷீர் பாயைப் பார்த்தோம்.

"என் ரேட்டுல நெறய சேரலம்மா" என்றார் அவர். "மண்ணு வேல எனக்குத் தெரியாது. சுவரு எனக்குத் தெரியாது. இரும்புதான் தெரியும். இத மொத்தமா எடுத்தேன்னு வெச்சுக்க, சுவத்துக்கு யாரோ ஒரு மேஸ்திரியப் புடிச்சு கட்டிடுவேன். அது நிக்குமான்னு கேட்டா எனக்கே பதில் தெரியாது." சேகரைக் கைகாட்டினார். "இந்தத் தம்பி போட்டிருக்கற சுவத்தோட படத்த இப்பதான் பாத்தேன். கருங்கல் கட்டு, தண்ணி வடிய பைப்பு, அடில அகலம். அதுதான் சரி. சுவரும் தரையும் அவருகிட்ட குடு. கூரையும் ஷட்டரும் நான் பண்றேன்."

"அப்ப உங்க வேல பாதியாப் போயிடுமே பாய்?" என்றேன்.

"போகட்டும் மேடம். மழையில அந்த மண்ணு வண்டி மேல வுழுந்தா, பாய் கட்ன ஷெட்டுன்னுதான சொல்லுவாங்க?"

என் பணிக்காலத்தில் எத்தனையோ டெண்டர் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தன் வேலையில் பாதியை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கான்ட்ராக்டர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

சேகருக்குக் காது சிவந்துவிட்டது. கையிலிருந்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வேகமாகக் கணக்குப் போட்டார். "பாய் ஷீட் போடறதா இருந்தா எனக்கு கான்கிரீட் தூண், பீம், ஸ்லாப் எதுவுமே வேணாம். உண்மையச் சொன்னா வண்டிக்கு ஸ்லாப் தேவையே இல்லைங்க. வீடு மாதிரி நெனச்சுப் போட்டுட்டேன்." தாங்குசுவர், பக்கச் சுவர்கள், தரை, வாய்க்கால் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றார். கூரைக்கும் ஷட்டருக்கும் பாய் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொன்னார். இரண்டிலும் டிராக்டர் வாடகை சேர்த்தி. வரியும் சேர்த்தியா என்று நான் கேட்டேன். சேர்த்தி என்றார்கள்.

4. தனபாலுக்குச் சொன்ன பதில்

கோவிந்தன் மனைவியைத் தனியாக அழைத்துப் போனார். பேச்சு எங்களுக்கும் கேட்டது. "அண்ணன வுட்டுட்டு வெளியாளுக்குக் குடுத்தா ஊரு இன்னா சொல்லும்? நாப்பத்தஞ்சாயிரம் மிச்சமும் ஆவுதே!"

மல்லிகா திரும்பி வந்து தனபால் முன்னால் நின்றாள்.

"மாமா, தாங்குசுவரும் சேத்து, ரெண்டே காலுக்கு மேல ஒரு ரூபா கேக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. இப்பவே உங்களுக்கே குடுத்துடறேன்."

"சொந்தக்காரன்கிட்ட கையெழுத்து கேக்கறியா? நம்பிக்க இல்லயா?"

"நம்பிக்க இருக்கறதாலதான் மாமா இப்பவே கேக்கறேன். பாதில நின்னுபோச்சுன்னா உங்ககூட சண்ட போட எனக்கு மனசு வராது. சண்ட போடாம வண்டிய மண்ணுல நிறுத்தவும் முடியாது."

தனபால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை அவர் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. கோவிந்தனுக்கு அந்த வருத்தம் பல நாள் இருந்தது. மல்லிகாவுக்கும்தான். அன்று எல்லோரும் போன பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனால் முடிவை மாற்றவில்லை.

வேலையைச் சேகருக்கும் பாய்க்கும் பிரித்துக் கொடுத்தபின் மீதி முப்பதாயிரத்தை எதிர்பாராத செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அத நான் தொடவே மாட்டேன் மேடம்" என்று வங்கியில் தனியாகப் போட்டாள்.

5. பாறை

அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு பாதியில் பாறை தட்டியது. கோவிந்தன் எனக்குப் போன் செய்தார். "மேடம், எஞ்சினியர் தம்பி பாறை ஒடைக்க தனியா பதினஞ்சாயிரம் கேக்கறாரு. இப்பிடிதான் ஒண்ணு ஒண்ணா ஏறும்னு அண்ணன் அப்பவே சொன்னாரு."

நான் கிளம்பிப் போனேன். பாறை உண்மையான பாறைதான். ரேட்டும் நியாயமானது. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே சேகர் சொன்னார்: "மேடம், இந்தப் பக்கம் பாறை மேலயே சுவரை உக்கார வெச்சிடலாம். அந்த அளவுக்கு அடி கான்கிரீட் மிச்சம். அதுல ஆறாயிரம் கழிச்சுக்கறேன். நீங்க ஒன்பதாயிரம் குடுத்தா போதும்."

கூடுதலைக் கேட்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குறைவதையும் தானாகவே சொல்லிக் கழிக்கும் எஞ்சினியர் எனக்கு அபூர்வம். மல்லிகா அன்றே அந்தத் தனிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பஷீர் பாய் வந்தபோது சேகர் கட்டிய சுவரின் மட்டத்தைத் தன் ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்தார். சேகரின் தோளில் தட்டினார். பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கோவிந்தனிடம் கேட்டு, அந்தப் பக்கத்து ஷீட்டுக்கு இரண்டு மடங்கு போல்ட் போட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பலமாகவே பெய்தது. மேலே ஒரு பகுதி மண் சரிந்து தாங்குசுவர் வரை வந்து நின்றது. பைப்புகள் வழியே செம்மண் தண்ணீர் கொட்டியது. சுவர் அசையவில்லை. உள்ளே தரை காய்ந்தே இருந்ததாகக் கோவிந்தன் போனில் சொன்னார். தனபால் பெயரை அவர் அன்று எடுக்கவில்லை.

6. மல்லிகா கூப்பிட்டாள்

இளையவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது அடியில் போட்டிருக்கும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். முதலில் எல்லோரையும் ஒரே வேலைக்கு ரேட் கொடுக்க வையுங்கள். பிறகு என்னென்ன சேரவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்பவரைக் கண்டு பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அவர்தான் வேலையை முழுசாகப் பார்த்தவர். அந்தக் கேள்வியை நான் ஆபீஸில் கற்கவில்லை. அப்படிக் கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணிடமும், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு பட்டறைக்காரரிடமும் கற்றேன்.

போன மாதம் மல்லிகா போன் செய்தாள். பக்கத்து ஊரில் இன்னொரு ஜீப்காரர் ஷெட் கட்டப் போகிறாராம். நான்கு கொட்டேஷன் வந்திருக்கிறதாம்.

"வர்றேன்மா. அந்த நாலயும் அனுப்பு, நான் பாத்து வைக்கிறேன்" என்றேன்.

"நான் பாத்துட்டேன் மேடம். நாலுமே வேற வேற அளவு. நாலு பேரயும் ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன். நீங்க வந்து அளவு மட்டும் எடுத்துக் குடுங்க, போதும். பேசறத நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஜீப் நிற்கும் இடத்துக்குக் கிளம்பினேன்.