மொட்டை மாடியில் நடந்தவர்

தியாகராய நகரில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு வணிகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் செவித்திறன் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். கீழே பாத்திரக் கடை. நடு மாடியில் தையல் வகுப்பு. எங்களுக்கு மேலே மொட்டை மாடி மட்டும்தான்.

என்னிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவரை எல்லோரும் மாமி என்றுதான் கூப்பிடுவோம். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சர்க்கரை வியாதி இருந்ததால் மதியம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்தவுடன் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு நடக்கப் போய்விடுவார். சித்திரை வெயிலானாலும் விட மாட்டார். சின்ன வயதில் எலும்பு முறிந்து சரியாகக் கூடாத இடது கால். ஒரு அடி அழுத்தமாக விழும், அடுத்தது கொஞ்சம் தாமதித்து இழுபடும். அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பல வருடம் நான் சாப்பிட்டேன்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் மாமி போய்விட்டார். அவருடைய கணவரும் அப்போது வேறொரு மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடந்தார். அவர் வீடு திரும்பியபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. மனைவியின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஊரடங்கு முடிந்து நிலையத்தை மறுபடி திறந்து சில மாதங்கள் போனபின், கோடை தொடங்கிய ஒரு மதியம், தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். ஒரு அடி அழுத்தமாக, அடுத்தது தாமதித்து. கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டு மேலே போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி என்னிடம்தான் இருக்கும். திறந்து பார்த்தேன். மழைநீர் இறங்காமலிருக்க எப்போதோ ஒட்டிய தார் ஷீட் மாடி முழுக்க விரிந்து கிடந்தது. அதன் மேல் பூசிய வெள்ளிப் பூச்சு உரிந்து, அங்கங்கே கறுப்பு தெரிந்தது. அனல் முகத்தில் அடித்தது. ஆள் யாரும் இல்லை.

மறுநாளும் கேட்டது. அதன்பின் பல நாட்கள் கேட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மதியம் மட்டும் வேறு அறையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். அங்கும் அந்தச் சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில்தான் மாமியின் கணவர் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தமாகிப் பல வருடம் ஆகியும், கருவி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று மாமியிடம் அடம்பிடித்தவர். அன்று அவராகவே கேட்டார். இரண்டு காதிலும் பொருத்தி, ஒலி அளவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சட்டென்று மேலே பார்த்தார்.

“மேல யாரு நடக்கறா?”

“யாரும் இல்ல சார். பூட்டியிருக்கு.”

அவர் கையை உயர்த்தி என்னைப் பேச வேண்டாம் என்றார். சத்தம் நின்ற பிறகுதான் கையை இறக்கினார். “எத்தனை வருஷமா சொல்லிண்டே இருந்தா, மிஷின் வெச்சுக்கோங்கோன்னு. இப்பத்தான் வெச்சுண்டேன். இப்பக் கேக்கறது.”

அதற்குப்பின் பேட்டரி மாற்ற வேண்டும், கருவி விசில் அடிக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். சரியாக மதிய வேளைக்கு வந்து, காத்திருப்போர் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சத்தம் ஓய்ந்ததும் எழுந்து போய்விடுவார். அது வேறு ஏதோ சத்தம் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. வேறு எது என்று எனக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. வெளிச்சத்தம் புகாத பரிசோதனைக் கூண்டின் மேலேயே சொட்டியது. பழைய ஷீட்டை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட, கட்டட உரிமையாளர் வடபழனியிலிருந்து ஒரு மேஸ்திரியை ஏற்பாடு செய்தார். மழை விட்ட தை மாதத்தில் வேலை தொடங்குவதாக முடிவானது. மாமியின் கணவரிடம் நான்தான் சொன்னேன். என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

வேலை தொடங்கிய அன்று காலை சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மாடி ஏறினார். ஆட்கள் ஓரங்களை ஏற்கெனவே உரித்துப் போட்டிருந்தார்கள். கேஸ் சிலிண்டரும் சுருட்டிய புது ஷீட்டுகளும் சுவரோரம் இருந்தன. எங்கள் அறைக்கு நேர் மேலே ஷீட் இரண்டு இடங்களில், அடுத்தடுத்து, உப்பியிருந்தது. மேஸ்திரி அதன் மேல் காலை வைத்து அமுக்கிக் காட்டினார்.

“உள்ள காத்தும் ஈரமும் மாட்டிக்கினு கீது சார். வெயில் ஏறசொல்ல உப்பும், மேகம் வந்தா அமுங்கும். ரெண்டுக்கும் சத்தம் குடுக்கும்.”

வாத்தியார் என்னைக் கீழே போய்க் கேட்டுவரச் சொன்னார். நான் இறங்கிப்போய் என் மேசையருகே நின்றேன். மேலே அவர் மிதித்தார். ஒன்று அழுத்தமாக விழுந்தது. அடுத்தது தாமதித்து இழுபட்டது. திரும்ப ஏறிவந்து, அதே சத்தம்தான் சார் என்றேன். தலையசைத்தார்.

மேஸ்திரி கத்தியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். வாத்தியார் நகரவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, அந்த வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல் வைத்திருந்தார்.

“சூடா இருக்கு” என்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். “அறுத்துடுங்கோ.”

கத்தி இறங்கியதும் புழுங்கிய காற்று வெளியே வந்தது. அடியில் கொஞ்சம் கலங்கிய தண்ணீர் நின்றது. துணியால் ஒற்றி எடுத்துத் தளத்தைக் காயவிட்டார்கள். மற்ற இடங்களில் புது ஷீட்டின் அடிப்பக்கத்தை நெருப்பால் உருக்கி, உருட்டி ஒட்டினார்கள். தார் வாசனை வாத்தியார் சட்டையெல்லாம் ஏறிவிட்டது. மதியம்வரை நின்று பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போனார்.

வேலை முடிந்து, மாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. கோடை வந்தது. மதியங்களில் மேலே எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதிக்கு நான் பழகவே இல்லை. சாப்பிடும்போது கை தானாக நின்றுவிடும். வேறு அறையை விட்டு என் பழைய மேசைக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் வெகுநாள் வரவில்லை. வருடாந்திரப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்தேன். கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினால் என் பக்கம் விளக்கு எரியும். ஒழுங்காகத்தான் அழுத்திக்கொண்டு வந்தார். நடுவில், அடுத்த ஒலியை அனுப்புமுன் கொஞ்சம் இடைவெளி விட்டேன். விளக்கு எரிந்தது.

இல்லாத ஒலிக்குப் பொத்தானை அழுத்துவது பலரும் செய்வதுதான். காத்திருந்தேன். மறுபடி எரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். நான் ஒலி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தது, ஒருமுறை உடனே, அடுத்தது கொஞ்சம் தாமதித்து. வெளியே அடுத்தவர் காத்திருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அது தானாக நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடித்தேன். முன்பைவிடக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாக அவரிடம் சொன்னேன்.

“அப்படித் தெரியலையே” என்றார்.