வலது பக்கம் நாற்காலி வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேவலமான வேலை செய்தேன். சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மகள் சுமதியைப் பெண் பார்க்கக் கருமத்தம்பட்டியிலிருந்து வந்தார்கள். தறி வைத்திருக்கிற குடும்பம். அவர்கள் வருவதற்குள், சுமதி உட்காரும் இடத்துக்கு வலது பக்கம் கிடந்த நாற்காலிகளையெல்லாம் நானே தூக்கிப் பின் அறையில் போட்டேன்.

ஏன்? மூன்று வருடம் முன்பு சுமதி மொபெட்டிலிருந்து விழுந்தாள். இடது கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கிற தசை வலுவிழந்து, கண் காதுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது. போன வருடம் ஆபரேஷன். "நேரா பார்த்தா கண் நேரா நிக்கும். வலது பக்கம் பார்த்தா மட்டும் இடது கண் பின்தங்கும். அந்தத் தசைக்கு முழு வலுவை என்னால திருப்பித் தர முடியாது" என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அப்படியேதான் ஆனது. எங்களுக்கு அது வெற்றி... பெண் பார்க்க வருகிறவர்களுக்கு?

அதனால்தான் நாற்காலி. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்குத் துணிச்சல் பற்றி வகுப்பெடுக்கிறவன் நான்!

மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். நேராகப் போய்ச் சுமதியின் வலது பக்கம் நின்றார்.

"இங்க பாரு கண்ணு."

தலையைத் திருப்பியிருந்தால் தப்பித்திருக்கலாம். சுமதி கண்ணை மட்டும் திருப்பினாள். வேண்டுமென்றே.

"இந்தக் கண்ணு இவ்வளவுதானுங்க வரும். ஆப்பரேசன் பண்ணியிருக்குதுங்க."

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அப்ப ஆப்பரேசன் சரியா வரலியா அம்மணி?"

"நல்லா வந்திருக்குதுங்க. ரெண்டு வருசம் எதைப் பாத்தாலும் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுதுங்க. இப்ப எதுக்க உக்காந்திருக்கற உங்க மகன் ஒருத்தராத்தானுங்க தெரியறாரு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் புரோக்கர் வந்தார். வேண்டாமாம். "அடுத்த எடத்துல கண்ணு விசயத்தை வாயே தொறக்காதீங்க" என்று யோசனை வேறு. அக்கா அழுதாள். எனக்குக் கோபம் வந்தது — என் மேல்தான். மறைக்கிற அளவுக்கு அந்தப் பெண் என்ன திருடினாள்?

சுமதி அழவில்லை. "ஏனுங்க, மொதல்லயே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. பயப்படறவங்க அவிங்க ஊட்லயே இருந்துக்கட்டும்."

புரோக்கர் போனதும் கேட்டேன்: "இதை எழுதட்டுமா கண்ணு? பேரை மாத்திப் போட்டுக்கறேன்."

"எதுக்குங்க மாமா மாத்தோணும்?"

மாற்றவில்லை.