பட்டன் பவளத்தைத் தின்ற நத்தைகள்

இரும்புலியூர் ஹில்டாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அது தெரியாதவர்கள்தான் அவளிடம் மாட்டிக்கொள்வார்கள்.

பதினாறு வருஷம் ஒரு தனியார் லேபில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தவள். புது மெஷின் வந்ததும், "நாளையிலேருந்து வர வேணாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஸ்கூட்டியில் வாளியும் குழாயும் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மீன்தொட்டிகளைப் பராமரிக்க ஆரம்பித்தாள். 2008இல் பதினோரு தொட்டிகள் அவள் கையில் இருந்தன. அதில் கடல்நீர்த் தொட்டி ஒன்றே ஒன்று, மேடவாக்கம் ஃப்ளாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ஹேமநாத்துடையது. அதில் மீனைவிடப் பவளம்தான் அதிகம். சட்டைப் பொத்தான் அளவில், பூப்போல விரியும் பட்டன் பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகக் கல்லை மூடியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் போனபோது பாதிக்கு மேல் மூடிச் சுருங்கிக் கிடந்தன.

"போன வாரம் நீங்க தண்ணி மாத்தினீங்க. இப்ப பாருங்க" என்றான் ஹேமநாத்.

"ஆர்.ஓ. தண்ணியிலதான் சார் உப்பு கலந்தேன்."

"லாரித் தண்ணியை ஊத்தியிருப்பீங்க. கைல சோப்பு கூட இருந்திருக்கலாம்னு மீன்தொட்டிக் கடைக்காரர் சம்பந்தம் சொல்றார்."

ஹில்டாவுக்குக் காது மடல் சுட்டது. தொட்டியில் உப்பின் அளவைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"புதுசா ஏதாவது வாங்கிப் போட்டீங்களா சார்?"

"சம்பந்தம் கடையில பவளம் ஒட்டின ஒரு கல். ரெண்டு வாரம் ஆச்சு, பின்னாடி ஓரமா வெச்சிருக்கேன்."

"எதை வாங்கினாலும் முதல்ல தனித் தொட்டியில வெச்சுப் பாக்கணும்னு சொன்னேனே?"

"அவர் பாத்துதான் குடுத்தார்."

பட்டன் பவளத்துக்கு விஷம் உண்டு. ஹில்டா கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கல்லை வெளியே எடுத்தாள். வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, அயோடின் சொட்டுகளை எண்ணி விட்டு, கல்லை அதில் இறக்கினாள். பத்து நிமிஷம் கழித்து ஊசியில்லாத சிரிஞ்சால் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சினாள். அரிசி அளவில் ஏதோ உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. ஓடில்லாத கடல் நத்தைகள். எந்தப் பவளத்தைத் தின்றனவோ அதன் நிறத்திலேயே இருந்தன. பச்சையில் பச்சை, ஆரஞ்சில் ஆரஞ்சு. எப்படிக் கண்ணில் படும்? கல்லைத் திருப்பி லென்ஸை வைத்துப் பார்த்தாள். அடியில் வெள்ளை நூலைச் சுருட்டி ஒட்டியதுபோல முட்டைகள்.

வாளியை ஹேமநாத் முன்னால் நகர்த்தினாள். "இருபத்தேழு கீழ விழுந்திருக்கு. இதெல்லாம் என் கைல இருந்த சோப்பா சார்?" குரல் தரையைத் தொட்டது.

"ஓகே, ஓகே. இப்ப என்ன பண்ணணும்?" என்றான் அவன். அவ்வளவுதான்.

நத்தைகளை ஒரு புட்டியில் போட்டுக்கொண்டு நேராகக் கேம்ப் ரோட்டிலிருந்த சம்பந்தத்தின் கடைக்கு வண்டியை விட்டாள்.

"இன்னாக்கா, எங்க கடைப் பூச்சியா? நீயே எங்கியோ புட்ச்சாந்து காட்டுற" என்றான் அவன்.

அவள் கேட்கவில்லை, காத்திருக்கவில்லை. கையுறையோடு அவன் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கல்லைத் திருப்பினாள். அதே வெள்ளைச் சுருள். வாங்க வந்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சம்பந்தம் கிட்டே வந்து கிசுகிசுத்தான். "சரக்கே அப்டிதான்கா வந்துச்சு. தூக்கியா போட முடியும்?"

"தெரிஞ்சே வித்துட்டு, பழியை என் மேல போட்டியா?"

"பேஜார் பண்ணாத, போ."

"போறேன். இவங்க பாத்துட்டாங்க, போதும்." வந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

மருந்துக்கு நத்தை சாகும், முட்டை சாகாது. பழைய டூத்பிரஷால் முட்டைகளைச் சுரண்ட வேண்டும். தப்பியவை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் மறுபடி மருந்தில் முக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒரு தடவை என்று ஹில்டா ஆறு தடவை போனாள். ஹேமநாத்தோடு ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. அவன் மனைவி புஷ்பலதாதான் பக்கத்தில் நின்று வாளி பிடித்தாள், கல்லைத் திருப்பப் பழகினாள். மூன்றாம் தடவை நாலு நத்தைகள் விழுந்தன. ஐந்திலும் ஆறிலும் ஒன்றுமில்லை. பவளங்கள் விரிந்தன.

"சூப்பர் ஹில்டா மேடம்! ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் உங்க நம்பர் குடுக்கறேன்" என்றான் ஹேமநாத்.

"நம்பர் வேணாம் சார். அன்னிக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் சிரித்தான். "அதையா இன்னும் மனசுல வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

"நான் சொல்றேன்க்கா, தப்புதான்" என்றாள் புஷ்பலதா.

"சொன்னது நீங்க இல்லையேம்மா." அயோடின் புட்டியையும் லென்ஸையும் அவள் கையில் கொடுத்தாள் ஹில்டா. "புதுக் கல் வந்தா நீங்களே பாத்துக்குவீங்க. நான் இனிமே வரல."

வீட்டில் கணவன் ஏசுபாதம் தட்டில் கைவைத்தபடி கேட்டான். "ஒரு மன்னிப்புக்காகவா நல்ல வீட்டை விட்டுட்டு வந்தே?"

"எதுய்யா நல்ல வீடு?" என்று குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள் ஹில்டா.