மார்கரெட்டின் நான்காவது பத்தி

மறைமலைநகரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மார்கரெட்டுக்குப் பதினொரு ஆண்டுகளாக ஒரே பதவி: டேட்டா என்ட்ரி, ஒப்பந்த அடிப்படை. அவள் டேட்டா எதையும் என்ட்ரி செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஷிஃப்டில் யார், எந்தக் கம்பெனி பஸ்ஸில், எந்த நிறுத்தத்தில் ஏறுவது என்று பிரிக்கும் எக்செல் கோப்பு முழுக்க அவள் எழுதிய மேக்ரோ, தானாக ஓடும் நிரல். ஒரு பட்டனை அழுத்தினால் எண்ணூறு பேருக்கும் பஸ்ஸில் இருக்கையோ நிற்க இடமோ கிடைத்துவிடும். அது வேலை செய்யாத அன்று மட்டும் அவள் பெயர் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

அதிகாரிகள் புது விதி சொன்னால் அவள் நிரலின் அந்தப் பகுதியை, பழைய மாட்யூலை, திருத்துவதில்லை. நகலெடுத்துப் புதிதாக எழுதுவாள். மறுவாரமே "பழையபடி போடும்மா" என்பார்கள்.

மார்ச்சில் மனிதவள மேலாளர் ராஜாராம் கூப்பிட்டார்.

"இந்த ஃபைல்ல என்னென்ன மாட்யூல் இருக்குன்னு ஒரு லிஸ்ட் குடும்மா. உன் பர்மனென்ட் விஷயமா மேல பேசறப்போ கையில பேப்பர் இருக்கணும்ல."

பர்மனென்ட் என்ற சொல்லை அவர் தானாகச் சொன்னது அதுதான் முதல் முறை.

பஸ் டிரைவர்களை மேய்க்கும் கேசவன் டீயோடு வந்தார்.

"இன்னா மார்கரெட்டு, லிஸ்ட் போட்டுகினு கீறியாமே?"

"ஆமாண்ணா. அதுக்கும் ஒரு மேக்ரோ எழுதிட்டேன்."

"அடிப்பாவி. ஒரு மாசம் இழுக்க வேணாமா?"

முதலில் எக்செல் மறுத்தது. தன் உள்ளே இருப்பதைப் பார்க்க அது யாரையும் நம்புவதில்லை. செட்டிங்கில் ஒரு டிக் போட வேண்டும். போட்டாள். கண்ணிமைப்பதற்குள் நாற்பத்தேழு வரி: பெயர், வகை, எத்தனை வரி நிரல். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். 'தெரிந்தவர்' என்று நான்காவது பத்தி ஒன்றைச் சேர்த்தாள். முதல் கட்டத்தில் தன் பெயரை அடித்து, மூலையைப் பிடித்துக் கடைசி வரி வரை இழுத்துவிட்டாள்.

"இத்த இன்னாத்துக்குப் போட்ற?"

"நான் இல்லன்னா ஓடாதுன்னு தெரியட்டும்."

"தெரிஞ்சா நல்லதுன்றியா?"

"பதினோரு வருசம் தெரியாம இருந்தாங்களே, இன்னா கெடச்சுது?"

கேசவன் டீயைக் குடித்தார்.

தான் இல்லாமல் நடக்காது என்று நிரூபிப்பவரை நிறுவனம் மதிக்கும் என்பது நிறுவனத்துக்கு வெளியே நிலவும் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை பட்டியல் திரும்பி வந்தபோது நான்காவது பத்தி மேலிருந்து கீழ் வரை சிவப்பாக இருந்தது.

"ஒரே ஆள் கையில அத்தனையும் இருக்கறது பெரிய ரிஸ்க்குன்றாங்கம்மா," என்றார் ராஜாராம். "உன்மேல தப்பு இல்ல."

"பர்மனென்ட்டு, சார்?"

"முதல்ல அந்தக் கட்டத்துல வேற பேரு வரணும். ஜெயக்குமாருக்கும் துர்காதேவிக்கும் சொல்லிக்குடு. ரெண்டு மாசம் டைம். அப்புறம் பாக்கலாம்."

இருவரும் நிரந்தர ஊழியர்கள்.

"பாதிய சொல்லு, பாதிய முழுங்கு," என்றார் கேசவன்.

"தப்பாப் பிரிச்சா செகண்ட் ஷிஃப்டு பொண்ணுங்க ராத்திரில ஜிஎஸ்டி ரோட்ல நிப்பாங்க."

"நின்னா உன்னத் தேடுவாங்க இல்ல?"

"அதுல பத்து பேரு எங்க ஊரு படாளத்துப் பொண்ணுங்கண்ணா."

முழுவதையும் சொல்லிக்கொடுத்தாள். நாற்பத்தேழில் இருபத்தெட்டு, மனம் மாறிய அதிகாரிகளுக்காக வைத்திருந்த பழைய நகல்கள். அவற்றை ஜெயக்குமார் ஒரே பிற்பகலில் நீக்கினார். மிச்சமிருந்த பத்தொன்பதையும் துர்காதேவி நோட்டில் எழுதிக்கொண்டாள். வாரம் ஒருமுறை நான்காவது பத்தியில் தன் பெயரை அழித்து அவர்கள் பெயரை மார்கரெட்டே அடித்தாள். எட்டாம் வாரம் சிவப்பு முழுக்கப் போயிற்று. ஒன்பதாம் வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடிதத்தில் சிறப்பான ஒத்துழைப்புக்கு நன்றி இருந்தது.

கடைசி நாள் மாலை ஜெயக்குமார் பட்டனை அழுத்தினார்.

"மேடம், ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்களேன்."

பார்த்தாள். மறுநாள் படாளம் வழியாக வரும் பஸ்ஸில் அவள் இருக்கை, வழக்கமாக நின்றுகொண்டு வரும் மதுராந்தகத்துக்காரர் ஒருவருக்குப் போயிருந்தது.

"சரியாத்தான் கீது," என்றாள்.