அண்ணை தின்ற வரைபடம்

சண்டைக்கு நிறம் தீட்டச் சொன்னார்கள். உண்மையாகத்தான். நெதர்லாந்தில் நான் முதுகலை படிக்கும் வகுப்பில், தாடி மீசை வைத்த ஆட்களுக்கு நடுவில் ஒரு நிறப்பென்சில் பெட்டி. ஆளுக்கொரு தாளில் இலங்கைத் தீவின் வெற்று உருவம். எந்தப் பகுதி யார் கையில் இருந்தது என்று நிறம் அடிக்கவேண்டும். ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரை வரைபடங்கள், புள்ளிவிபர வரைபுகள், அரசியல் கேலிச்சித்திரங்கள் வழியாகப் படிப்பதுதான் இந்தத் தவணைப் பாடம். எடுத்துக்கொண்ட நாடு என்னுடையது. சிவப்புப் பென்சிலுக்கு அடிபாடு. எனக்குப் பக்கத்தில் இருந்த ஈவா என்ற டச்சுப் பெண், கோட்டுக்கு வெளியே போகாமல் கிளிநொச்சிக்குப் பச்சை அடித்துவிட்டு, "உனக்கு இது சுலபமாக இருக்குமே" என்றாள். நான் வடக்கு முனையில் இருக்கும் எங்கள் குடாநாட்டைத் தொடவேயில்லை. எங்கள் ஊருக்குப் பகலில் ஒரு நிறமும் இருட்டினால் இன்னொரு நிறமும் அடிக்க வேண்டும். அப்படியொரு பென்சில் பெட்டியில் இல்லை.

பாடம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தியமாகப் பிடித்திருந்தது. விரிவுரையாளர் ஹெலெனா ஒரு கேலிச்சித்திரத்தைச் சுவரில் விழுத்திக் காட்டுவார்: தீவு ஒரு மாம்பழம், இரண்டு பேர் இரண்டு பக்கமும் கத்தியோடு, சாறு சிவப்பாக வழிகிறது. வகுப்பு சிரிக்கும். நானும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன். பழத்துக்குள்ளே இருந்த ஆள் எனக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கும். வரைபுகள் வரும், ஆண்டுவாரியாகச் செத்தவர்கள், தூண் தூணாக. எனக்கு ஏழு வயதாயிருந்த ஆண்டின் தூணை உற்றுப் பார்த்தேன். எங்கள் மீன்காரர் அதற்குள் ஒரு மயிரிழை. அண்ணை அதில் இல்லை. அவர் சாகவில்லை. சாகாதவர்களுக்குத் தூண் கிடையாது.

தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ-9 பாதை பூட்டிக்கிடந்த காலம் அது. ஊர் எது என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. வலிகாமத்தில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணை உயர்தர வகுப்பில் புவியியல் படித்தார். வெளிக்களச் செயற்பாட்டுக்கு ஊரை அளந்து படம் கீறவேண்டும். கிணற்றுக்கு நீல வட்டம், பனங்கூடலுக்குப் பச்சைக் கோடு, மூலையில் வடக்குக் காட்டும் அம்பு. நிலத்தில் உள்ளதெல்லாம் படத்தில் இருக்கவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். அண்ணை சொன்னதைச் செய்கிற பிள்ளை. சந்தியில் இருந்த இராணுவக் காவலரணை, சென்ரியையும் ஒரு கறுப்பு முக்கோணமாகப் போட்டுவிட்டார்.

ஒரு காலைநேரம் சந்தியில் கிளைமோர் கண்ணிவெடி வெடித்தது. அதை எங்கள் வேலியோடு வைத்தவர்களுக்கு, வெடித்தபின் அடி யாருக்கு விழும் என்று தெரியாமல் இருந்திருக்காது. ட்ரக் எரிந்தது. தப்பின சிப்பாய்கள் வீதியில் நின்ற எல்லாவற்றையும் சுட்டார்கள்: நாய், மின்கம்பம், சைக்கிளில் பெட்டி கட்டிய மீன்காரர். சூடைமீன் தார்வீதி முழுக்கச் சிதறிக் கிடந்தது. எது மீனின் இரத்தம், எது அவருடையது என்று பிரிக்க முடியாது. பிறகு வீடுகளுக்குள் இறங்கினார்கள். எங்கள் மேசையில் படம் விரித்தபடி கிடந்தது.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். முக்கோணத்தில் விரலை வைத்து, "இது யார் கேட்டது?" என்றான்.

"ரீச்சர்" என்றார் அண்ணை.

"ரீச்சர் கொட்டியா?" புலியா என்பதைச் சிங்களத்தில் கேட்டான்.

அண்ணை பதில் சொல்ல வாய் திறக்கமுன்னமே துவக்குப் பிடி வாயில் விழுந்தது. அம்மா அவனுடைய சப்பாத்தைக் கட்டிப்பிடித்தா. உதறினதில் தூணோடு போய் மோதினா. அண்ணையின் வலக்கையைக் குசினிப் படியில் வைத்து, ஒருவன் முழங்கையில் ஏறி நிற்க, மற்றவன் துவக்குப் பிடியால் விரல்களைக் குத்தினான். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தந்தான், அதைவிடப் பெரிதாக இல்லை. பிறகு அதிகாரி படத்தைக் கிழித்து, "சாப்பிடு" என்றான். அண்ணை தின்றார். பள்ளிக்கூடத்தை, பனங்கூடலை, கிணறுகளை, உடைந்த பல்லோடு சேர்த்து மென்று விழுங்கினார். விக்கினபோது அப்பா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினார், தட்டிவிட்டார்கள். அண்ணையை ஏற்றிக்கொண்டு போய், அடுத்த மாதம் விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பாதை கீறிக் காட்டியதில்லை. அக்காவின் கலியாண அழைப்பிதழில், எல்லோரும் போடுகிற அந்தச் சின்ன வழிப்படத்தைக்கூட அப்பா போடவிடவில்லை. "வாய் இருக்குத்தானே, கேட்டு வரட்டும்" என்றார்.

தவணையின் கடைசி வேலையாக ஹெலெனா கேட்டது: போர் நடந்த ஓர் ஊரின் படம், ஒவ்வொரு ஒழுங்கையும் சந்துபொந்தும் தெரிய. கண்காட்சியில் தொங்கும், இணையத்திலும் ஏறும். நான் துள்ளினேன். செய்மதிப் படத்தை விரித்து, ஞாபகத்தைப் பிசைந்து, ஒரு கிழமை தூங்காமல் கீறி அண்ணைக்கு அனுப்பினேன். அண்ணை இப்போது ஊரிலேயே ஒரு இரும்புச்சாமான் கடையில் நிற்கிறார். விரல் மடங்காது, ஆகவே குரல் பதிவாகத்தான் பதில் வரும்.

"டேய், உது என்ன கோதாரி?"

"வகுப்புக்கு அண்ணை. எங்கடை ஊர்."

"அது தெரியுது. கேணியைக் கொண்டுபோய் வயலுக்கை வைச்சிருக்கிறாய். உதுக்கோ அங்கை பட்டம் குடுக்கிறாங்கள்?"

பிறகு நிற்கவில்லை. மதவடி ஒழுங்கை நேர் இல்லை, வளையும். சங்கக்கடை ரோட்டுக்கு அங்காலை. "சென்ரி உந்தப் பனையடியிலை இல்லையடா. நான் அடி அளந்து வைச்சனான்." அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பதினெட்டு வயதுக் குரல். நான் திருத்தத் திருத்த அவர் பார்த்தார். கடைசியில், "இப்ப சரி. உதுதான்" என்றார். பிறகு கேட்டார்:

"எங்கை போடப்போறியள்?"

"சுவரிலை. இன்ரநெற்றிலையும்."

"அப்ப வேண்டாம் தம்பி."

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம் அண்ணை."

"உனக்கு முடிஞ்சுது. ஆமிக் காம்ப் உதிலைதான் நிக்குது. ஆணி வாங்க என்னட்டைத்தான் வருவாங்கள். போனமுறை ஒருத்தன் கேட்டான், தம்பி வெளிநாட்டிலை என்ன படிக்கிறார் எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"பால்மாடு வளக்கப் படிக்கிறான் எண்டன். மாடு மாதிரித்தானே நீயும்." சிரித்தார். அடுத்த பதிவில் சிரிப்பு இல்லை. "என்ரை பெட்டை பின்னேரம் உந்த ஒழுங்கையாலைதான் ரியூசனுக்குப் போறவள். உன்னை அவங்கள் என்ன செய்வாங்கள்? நீ அங்கை. அழிச்சுப்போட்டுச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடமாக உலகத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு தாள் கிடைத்திருக்கிறது, அதையும் அவர்களுக்குப் பயந்து தின்பதா? அப்படியே எழுதி அனுப்பவும் போனேன். "தின்பதா" என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. தின்றவர் அவர். அழித்தேன், கணினியில், தொலைபேசியில், தாளையும் கிழித்தேன். சொன்னேன். "ஓம்" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

படம் இல்லாமல் வகுப்புக்குப் போனேன். என் முறை வந்ததும் வெண்பலகையில் கீறத் தொடங்கினேன், அண்ணை திருத்தின வளைவுகளோடு. இது மதவு. இது சந்தி. இங்கே மீன். இது எங்கள் குசினிப் படி, இங்கே என் அண்ணையின் விரல்கள். ஈவா மெல்லத் தொலைபேசியைத் தூக்கினாள். வேண்டாம் என்றேன்.

"ஏன் வெட்கப்படுகிறாய்? நன்றாகத்தானே கீறியிருக்கிறாய்" என்றாள்.

பலகையை என் உள்ளங்கையாலேயே துடைத்தேன். ஹெலெனா அருகே வந்து, கண் கலங்கியிருந்தாலும், "ஆனால் தேர்வுப் புள்ளி போட என் கையில் ஏதாவது வேண்டுமே. பெயர்களை மாற்றிக் கீறித் தரலாமே?" என்றார். வளைவுகளை எப்படி மாற்றுவது? முடியாது என்றேன். அந்தப் பாடத்துக்கு எனக்குப் புள்ளி இல்லை.

வெளியே மழைத்தூறல். ரயில் நிலைய வாசலில் ஓர் இளைஞன், வந்திறங்கிக் கன நாள் ஆகியிராது, நகரசபைக்கு வழி கேட்டான். அரைகுறை ஆங்கிலம். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. யோசிக்காமலே பாண் சுற்றியிருந்த கடதாசியை விரித்து அவனுக்குக் கீறினேன். கால்வாய், இரண்டாவது பாலம், தேவாலயம், அதன் இடப்பக்கம் கண்ணாடிக் கட்டடம். பெயர்களை எல்லாம் எழுதினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கி, உதடு அசைய, திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மடித்து என்னிடமே நீட்டினான்.

"வைத்துக்கொள்" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்து, நெற்றியைத் தொட்டுக் காட்டினான். பக்கத்தில் நின்ற காவல்துறைக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, வெறுங்கையோடு பாலத்தை நோக்கி நடந்தான்.

காவல்துறைக்காரர் என்னிடம் வந்தார். கையில் இருந்த கடதாசியைப் பார்த்து, "தேவாலயத்துக்கு முன்னால் வேலை நடக்கிறது, சுற்றித்தான் போகவேண்டும்" என்று தன் பேனையை எடுத்து, என் படத்தில் ஒரு கோடு சேர்த்துக் கீறிவிட்டுப் போனார்.