ஐஸ் ஹாக்கி அணியின் கடைசி அத்தியாயம்

கடைசி அத்தியாயம் வேண்டாமாம். சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்காரர் போனில் அதைச் சொன்னபோது, நான் காய்கறிப் பையோடு எங்கள் ஃபிளாட்டின் இரண்டாவது மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். "மேடம், சாம்பியன்ஷிப் ஜெயிச்சதோட முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் வர்றது கொஞ்சம் நெகட்டிவா இருக்குன்னு கிளையன்ட் ஃபீல் பண்றாங்க." பையிலிருந்த முருங்கைக்காயை உருவி அந்தப் போனையே விளாசலாம் போல இருந்தது.

அது வட ஜப்பானில் ஓர் இரும்பு வார்ப்பாலை நடத்திய ஐஸ் ஹாக்கி அணியின் வரலாறு. எழுதியவர் அந்த அணியின் பழைய கோல்கீப்பர். தொழிலாளர்கள் பொழுதுபோகத் தொடங்கிய அணி, பின்னாளில் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை அணியாகி, கோப்பைகள் வாங்கி, கடைசியில் முதலாளிகளால் கலைக்கப்பட்டது. இப்போது அதே கம்பெனி தன் ஆண்டுவிழாவுக்காகப் புத்தகத்தை ஆங்கிலத்தில் போடுகிறது. கோப்பைகள் வேண்டும், கலைத்தது மட்டும் வேண்டாம். இந்தப் பூசி மெழுகும் வேலைக்குத்தான் ஸ்ரீரங்கத்தில் நான் ஒருத்தி கிடைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட மொழி இன்றுவரை சோறு போடுகிறது. ஆனால் ஐஸ் ஹாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. நான் பார்த்த ஐஸ் எல்லாம் மீன் மார்க்கெட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடப்பதுதான். அதனால் ஆட்டம் புரியாத இடங்களை என் கணவரிடம் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலைக்கும் ஒரு ஹாக்கி அணி இருந்தது. பொன்மலைப் பக்கத்து மண் மைதானத்தில் ஆடும் சாதா ஹாக்கி. பதினைந்து வருஷம் அதில் தடுப்பாட்டக்காரராக ஆடி, இரண்டு முழங்காலையும் கெடுத்துக்கொண்டார்.

நாலைந்து பக்கம் வாசித்ததுமே மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாலையானால் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, "ஏம்மா, நம்ம ஆளுங்க என்ன ஆனாங்க?" என்பார். எந்த ஆட்டக்காரருக்கு எந்தத் தோளில் அடிபட்டது என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் நினைவிருக்கும்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம். ஆட்டக்காரர்கள் காலையில் உலைக்கூடத்தில் வேலை செய்துவிட்டு மதியம் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். மிச்ச வேலையை மற்றவர்கள் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். அதற்காக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள், ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டக்காரர்கள் கூடம் கூடமாகப் போய்க் குனிந்து வணங்கி நன்றி சொல்ல வேண்டும். தொழில்முறை அணியான பிறகும் அதை விடவில்லை. இதை வாசித்ததும் அவர் மேஜையைத் தட்டினார்.

"அட, நம்ம டீ!"

அவர்கள் செக்‌ஷனிலும் அப்படித்தான். இவர் மைதானத்துக்குப் போன பிறகு இவர் வேலையைப் பார்த்தவர்களுக்கு, ஆட்டத்துக்கு மறுநாள் பெரிய எவர்சில்வர் கேன் நிறைய டீ வாங்கிப்போய் இவர் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். அந்த கேனைத் தேய்த்துத் தேய்த்து என் கை தேய்ந்ததுதான் எனக்கு நினைவு.

சரி, போன் வந்த அன்று மாலைக்கு வருகிறேன். "உக்காருங்க, எதை மறைக்கப் பாக்கறானுங்கன்னு படிக்கிறேன்" என்று கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். அணியைக் கலைப்பதாக அறிவித்த மேலதிகாரி ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பேசுகிறார்: 'இனி நீங்கள் மாலையில் நேரத்தோடு வீடு திரும்பலாம். உங்கள் குடும்பங்கள் மகிழும்.' எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எவ்வளவு திமிர் பாருங்க! கழுத்தை அறுத்துட்டு, வலி போச்சுல்லன்னு கேக்கறான்!" என்று கத்தினேன். அவர் மேலே படி என்று கையைக் காட்டினார்.

மறுநாள் ஆட்டக்காரர்கள் வழக்கம்போல ஒவ்வொரு கூடமாகப் போய் வணங்கியிருக்கிறார்கள். கடைசி முறை. அச்சு வார்க்கும் பகுதியில் இருந்த பெண்கள், அவர்கள் குனிவதற்கு முன்பே அத்தனை பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். கோல்கீப்பர் அதற்கு மேல் விளக்கம் எதுவும் எழுதவில்லை.

"பாவம், அந்தப் பொம்பளைங்களுக்கும் இவங்க மேல அவ்வளவு கோவம்" என்றேன்.

"கோவம் இல்லம்மா." அவர் மேஜை விரிப்பை நீவிக்கொண்டே சொன்னார். "கும்பிட்டதை வாங்கிக்கிட்டா கணக்கு தீந்துபோச்சுன்னு ஆயிடும். டீம் முடிஞ்சுபோச்சுன்னு இவங்களும் ஒத்துக்கிட்ட மாதிரி. அதான் திரும்பிக்கிட்டாங்க. எங்க டீமைக் கலைச்ச அன்னிக்கு எங்க ஆளுங்களும் டீயைத் தொடலையே. ஊத்தி வெச்ச டம்ளரை அப்படியே கேன்ல திருப்பி ஊத்திட்டாங்க."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர்கள் அணியையும் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தியோடு, கேன் நிறைய ஆறிப்போன டீயோடு வீட்டுக்கு வந்து நின்றார். நான் அதை வாங்கி அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இனிமேலாவது அஞ்சரைக்கெல்லாம் வீடு வந்து சேருவீங்க" என்றேன். அந்த மேலதிகாரி சொன்ன அதே பேச்சு. அவனாவது மேடை போட்டுச் சொன்னான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது, அதையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டேன்.

"கடைசி அத்தியாயம் இருந்தா என் மொழிபெயர்ப்பு இருக்கும். இல்லேன்னா எதுவுமே கிடையாது."

"மேடம், ஏன் இவ்வளவு எமோஷனல் ஆகறீங்க? அது வெறும் ஸ்போர்ட்ஸ் புக்."

"தம்பி, நீங்க அதைப் படிச்சீங்களா?"

அவர் படிக்கவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டேன். வேறு யாரோ செய்து முடிப்பார்கள், கோப்பையோடு ஒரு பளபளப்பான புத்தகம் வரும், அந்தப் பெண்கள் யாருமே அதில் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியதையெல்லாம் கேட்டிருப்பார். பாராட்டுவார் என்றுதான் பக்கத்தில் போய் நின்றேன்.

"விட்டுட்டேங்க. அந்த வேலையே வேணாம்னு சொல்லிட்டேன்."

"ம்." பேப்பரை மடித்தார். "ஏம்மா, அன்னிக்கு அந்த டீ."

"எந்த டீ?" என்றேன், தெரியாதவள் போல.

"உன்கூட உக்காந்து குடிக்கலாம்னுதான் வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன்."